பேசும் நாய்க்குட்டிகளும் சைல்டு பிளானும்: ‘சான்டா பட்டீஸ்’ படத்தை ஒரு ஆடிட்டர் பார்த்தால்...

டிசம்பர் மாசம். ஆபீஸ்ல இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் கேட்டு ஹெச்.ஆர். மெயில் வந்திருக்கும், இல்லைன்னா இன்னும் ரெண்டு வாரத்துல வரும். வீட்டுல குழந்தைக்கு அரையாண்டு லீவு, டிவியில ஏதாவது போட்டுக் கொடுக்கணும். இந்த ரெண்டு வேலையையும் நம்மில் நிறைய பேர் ஒரே மாதிரிதான் செய்றோம்: மேல இருக்கிற படத்தைப் பார்த்து, உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம. அதனால இந்த வாரம் எந்த ஃபண்டைப் பத்தியும் எழுதல. ஒரு நாய்ப் படத்தைப் பத்தி எழுதுறேன்.

படத்தின் பெயர் ‘சான்டா பட்டீஸ்’. 2009-ல் டிஸ்னி வெளியிட்ட கிறிஸ்துமஸ் காமெடி. ஐந்து கோல்டன் ரிட்ரீவர் குட்டிங்க, எல்லாமே மனுஷங்க மாதிரி பேசும். பனி, வட துருவம், சான்டா கிளாஸ், பரிசுப் பொட்டலம், அதோட நாய்க்குட்டி. குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்க இதுக்கு மேல என்ன வேணும்னு தோணும். நேரடியாவே சொல்லிடறேன், படம் தேறல. ‘அய்யோ, செல்லம்!’னு ஆரம்பிக்கிறோம். ஒன்றரை மணி நேரம் கழிச்சும் கையில இருக்கிறது அந்த ‘செல்லம்’ மட்டும்தான். சிரிப்பும் வரல, கண்ணும் கலங்கல.

கதை இவ்வளவுதான். சான்டா கிளாஸுக்கு சான்டா பாஸ்னு ஒரு நாய். அதோட மகன் பப்பி பாஸ். அப்பா மாதிரி பொறுப்பா இருக்க அவனுக்கு இஷ்டம் இல்லை, சாதாரண நாய்க்குட்டியா வாழணும். வட துருவத்தை விட்டு ஃபெர்ன்ஃபீல்டுங்கிற ஊருக்கு ஓடி வந்துடுறான், அங்கே பட்டீஸ் குட்டிகளோட சேர்றான். இதுக்கு நடுவில், உலகத்துல கிறிஸ்துமஸ் உணர்வே குறைஞ்சுக்கிட்டு வருது, அதனால வட துருவத்துல இருக்கிற மந்திரப் பனிக்கூம்பு உருகுது. நாய் பிடிக்கிறவர் ஒருத்தர் வர்றார், பெயர் ஸ்டான் க்ரூஜ். டிக்கன்ஸ் கதையில் வர்ற ஸ்க்ரூஜை ஞாபகப்படுத்தத்தான் இந்தப் பெயர்னு சொல்லவே வேண்டியதில்லை. கடைசியில் குட்டிங்க எல்லாம் சேர்ந்து கிறிஸ்துமஸைக் காப்பாத்துது.

கதையா கேட்டா மோசமில்லைதானே? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அப்பாவோட தொழிலை ஏத்துக்க மாட்டேங்கிற பையன், நம்ம ஊர்ல எந்த வீட்டுக்கும் பொருந்துற விஷயம். ஆனா படம் அந்த இடத்துல நிக்கவே மாட்டேங்குது. ஐந்து குட்டிங்களுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு குணம். பட்டர்பால் சாப்பிட்டுக்கிட்டே இருப்பான். மட்பட் சேத்துல புரளுவான். பி-டாக் ராப் பாடுறவன் மாதிரி பேசுவான். புத்தாவுக்குத் தியானம். ரோஸ்பட் பொண்ணு, அதுவே அவளுக்கு ஒரு குணம்னு எழுதினவங்க நினைச்சுட்டாங்க போல. ஒவ்வொரு காட்சியிலயும் ஆளுக்கொரு வசனம் வரிசையா வரும். வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி இருக்கும். மனுஷங்க தரப்புல ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்துல விஞ்ஞானியா வந்து நம்மை அசத்தின கிறிஸ்டோபர் லாய்டு இருக்கார். அவரை வெச்சுக்கிட்டு வலையைத் தூக்கிக்கிட்டு நாய் பின்னாடி ஓட விட்டிருக்காங்க. அவ்வளவு பெரிய நடிகருக்கு இவ்வளவுதான் வேலை.

சரி, படம் சுமார். உலகத்துல எத்தனையோ சுமார் படம் இருக்கு, இதை மட்டும் எதுக்கு ஒரு பைனான்ஸ் ஆளு இழுத்துட்டு வர்றார்?

தேதிதான் காரணம். படம் வெளியானது 2009 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை. அந்த வருஷம் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் 26-ம் தேதி வியாழக்கிழமை. அடுத்த நாள் பிளாக் ஃப்ரைடே, அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் ஷாப்பிங் சூடு பிடிக்கிற நாள். அதாவது கடையில் கூட்டம் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி இந்த டிவிடி அலமாரியில் ஏறிடுச்சு. தற்செயல்னு நினைக்கிறீங்களா? இதோட வழி வந்த ‘தி சர்ச் ஃபார் சான்டா பாஸ்’ 2010 நவம்பர் 23-ல் வந்தது. ‘சான்டா பாஸ் 2’ 2012 நவம்பர் 20-ல் வந்தது. ரெண்டுமே செவ்வாய்க்கிழமை, ரெண்டுமே தேங்க்ஸ்கிவிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி.

இது தியேட்டருக்கு வராத படம், நேரா டிவிடியா வந்தது. இதை ஒரு குறைன்னு நினைச்சுடாதீங்க. தொழில் கண்ணோட்டத்துல பார்த்தா இதுதான் முக்கியமான விஷயம். தியேட்டர்ல ஒரு படம் மொக்கைன்னா திங்கட்கிழமைக்குள்ள தெரிஞ்சுடும். முதல் நாள் பார்த்தவன் நாலு பேர்கிட்ட சொல்வான், அடுத்த வாரம் ஷோ குறைஞ்சுடும். டிவிடியில அந்தப் பயம் கிடையாது. காசு மொத்தமும் படம் பார்க்கிறதுக்கு முன்னாடியே கைமாறிடுது. நவம்பர் கடைசியில் வாங்கி, வண்ணக் காகிதம் சுத்தி, மரத்தடியில் வெச்சு, டிசம்பர் 25 காலையில்தான் குழந்தை பிரிக்கும். அதுவரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு அந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. பிடிக்கலைன்னாலும் பிரிச்ச டிவிடியை அங்கே சாதாரணமா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க.

இப்போ யோசிங்க. காசு கொடுக்கிறது பாட்டி, இல்லைன்னா மாமா, இல்லைன்னா அவசரத்துல இருக்கிற அப்பா. பார்க்கப் போறது ஆறு வயசுக் குழந்தை. வாங்குறவருக்கு அட்டை பிடிச்சா போதும். பார்க்கிற குழந்தையால நல்லா இல்லைன்னு கடைக்காரர்கிட்ட போய்ச் சொல்ல முடியாது. அப்போ தயாரிக்கிறவர் செலவை எதுல போடுவார்? அட்டையில தெரியறதுல போடுவார். நாய்க்குட்டிங்க அழகா இருக்கணும், பனி வெள்ளையா இருக்கணும், சான்டா குண்டா இருக்கணும். திரைக்கதைக்கு ஏன் இன்னும் ஆறு மாசம் செலவு பண்ணணும்? அந்த ஆறு மாசம் ஒரு டிவிடியைக்கூட கூடுதலா விற்காதே. படம் சுமாரா வந்ததுக்கு யாரோட சோம்பேறித்தனமும் காரணமில்லை. கணக்கே அப்படித்தான் வருது. வாங்குறவர் ஒருத்தர், அனுபவிக்கிறவர் இன்னொருத்தர்னா, அந்தப் பொருள் நல்லா இருந்தாகணும்கிற கட்டாயமே போயிடுது.

இந்தக் குடும்பம் எங்கே ஆரம்பிச்சதுன்னு பார்த்தா இன்னும் நல்லா புரியும். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், எனக்குப் பிடிச்ச பகுதி இது. 1997-ல் ‘ஏர் பட்’னு ஒரு படம் வந்தது. அதுல நடிச்ச நாயோட பெயர் பட்டி. அந்த நாய் நிஜமாவே பாஸ்கெட்பால் போடும். கெவின் டிசிக்கோங்கிற பயிற்சியாளர் கலிஃபோர்னியா மலைப்பகுதியில் தெருநாயா கண்டெடுத்து வளர்த்தது. அவர் பந்தைத் தூக்கிப் போட்டா மூக்கால தட்டி வளையத்துக்குள்ள போட்டுடும். டேவிட் லெட்டர்மன் டிவி நிகழ்ச்சியில வந்து செஞ்சு காட்டியிருக்கு. அந்தத் திறமையை வெச்சுத்தான் படமே எடுத்தாங்க. அதுல நாய் ஒரு வார்த்தை பேசாது, பேச வேண்டிய அவசியமும் இல்லை. தியேட்டர்ல 2 கோடி டாலருக்கு மேல வசூல். அடுத்த வருஷம், 1998 பிப்ரவரியில், புற்றுநோயில் அந்த நாய் இறந்துபோச்சு.

நாய் போச்சு. ஆனா பெயர் இருக்கே! 1998-லயே ரெண்டாவது பாகம் வந்தது, இந்த முறை கால்பந்து, அமெரிக்க வகைக் கால்பந்து. வசூல் 1 கோடி டாலர் அளவுக்கு இறங்கிடுச்சு. மூணாவது பாகத்துலேர்ந்து தியேட்டரே வேண்டாம், நேரா வீடியோன்னு முடிவு பண்ணிட்டாங்க. சாக்கர், பேஸ்பால், வாலிபால்னு ஒவ்வொரு விளையாட்டா போய், விளையாட்டு தீர்ந்ததும் 2006-ல் ‘ஏர் பட்டீஸ்’. பட்டியோட ஐந்து குட்டிங்க, இனிமே அதுங்க பேசும். அதுக்கப்புறம் பனிக்குப் போனாங்க, விண்வெளிக்குப் போனாங்க, கிறிஸ்துமஸுக்குப் போனாங்க, பேய் வீட்டுக்கும் புதையலுக்கும் போனாங்க, கடைசியா 2013-ல் சூப்பர் ஹீரோவா ஆனாங்க. கிளைப் படங்களையும் சேர்த்தா மொத்தம் 14. 2009-ல் மட்டும் ரெண்டு படம்: பிப்ரவரியில் விண்வெளி, நவம்பரில் சான்டா.

எங்க பாஷையில் சொன்னா, முதல் படத்துல இருந்தது நிஜமான சொத்து. நாய் இருந்தது, திறமை இருந்தது. அதுக்கப்புறம் பேலன்ஸ் ஷீட்ல இருந்தது குட்வில் மட்டும்தான். பெயருக்கு இருக்கிற மதிப்பு. குட்வில்லை வெச்சு சம்பாதிக்கிறது தப்பில்லை, எல்லா கம்பெனியும் அதைத்தான் செய்யுது. ஆனா வாங்குற நாம, நிஜமான சொத்துக்குக் காசு கொடுக்கிறோமா, பழைய பெயருக்குக் கொடுக்கிறோமான்னு பார்க்கணும். ஒரு காலத்துல நல்லா ஓடின ஃபண்டோட பெயரை வெச்சே அந்த கம்பெனி புதுப் புது என்.எஃப்.ஓ. கொண்டு வரும்போது இந்த நாய்க்குட்டிங்களைத்தான் நினைச்சுக்குவேன்.

இன்னொரு செலவு இருக்கு. அது எந்தக் கணக்குப் புத்தகத்துலயும் முழுசா வராது. நாய்க்குட்டி வேகமா வளர்ந்துடும். படப்பிடிப்பு நடக்கிற சில வாரத்துலயே உருவம் மாறிடும். அதனால ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரே குட்டி போதாது, நிறைய குட்டிங்களை மாத்தி மாத்தி நடிக்க வைக்கணும். இந்த வரிசையில் 2008-ல் வந்த ‘ஸ்னோ பட்டீஸ்’ படத்துக்காகக் கனடாவுக்குக் கொண்டுபோன சின்னக் குட்டிங்களுக்கு நோய் பரவி, சில குட்டிங்க இறந்தே போச்சு. பார்வோ வைரஸும் அதுல ஒரு காரணம். பட வேலையில் விலங்குகளைக் கவனிக்கிற அமெரிக்கன் ஹ்யூமேன் அமைப்பு தலையிட வேண்டியதாச்சு. அட்டையில் சிரிக்கிற குட்டியைப் பார்க்கும்போது இதுவும் எனக்கு ஞாபகம் வரும். காசு கொடுத்தது ஒருத்தர், பார்த்தது ஒருத்தர், விலை கொடுத்தது மூணாவதா ஒரு ஜீவன்.

‘குழந்தைங்க படம்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?’ன்னு சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்வி. நாலு வயசுக் குழந்தைக்கு நாய்க்குட்டி திரையில் ஓடினாலே சந்தோஷம்தான், அதை நான் மறுக்கல. படத்துல ஆபாசம் இல்லை, அடிதடி இல்லை. நிம்மதியா போட்டுட்டு சமையல் வேலையைப் பார்க்கலாம். ஆனா குழந்தைக்குன்னு வந்துட்டா தரம் குறையலாம்கிற எண்ணம்தான் எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது. 1995-ல் ‘பேப்’னு ஒரு படம் வந்தது. அதுலயும் விலங்குங்க பேசும், நாய் பேசும், பன்னிக்குட்டி பேசும். குழந்தைங்களுக்கான படம்தான். சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் பரிந்துரை வாங்கி, விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு விருதும் வாங்கிச்சு. ஆக, விலங்கு பேசுறது குறை இல்லை. பேச ஏதாவது இருக்கணும், அவ்வளவுதான்.

இதுல எனக்கு இன்னும் உறுத்துற ஒரு விஷயம் உண்டு. இந்தப் படம் சொல்ற நீதியே, கிறிஸ்துமஸ்னா பரிசு வாங்குறது இல்லை, கொடுக்கிற மனசு, கூட இருக்கிறதுங்கிறதுதான். அதைச் சொல்லிக்கிட்டே பிளாக் ஃப்ரைடேவுக்கு மூணு நாள் முன்னாடி அலமாரியில் வந்து உட்கார்ந்துக்கிச்சு! படத்துல இருக்கிற ஒரே நல்ல காமெடி இதுதான், ஆனா அது திரைக்கு வெளியே இருக்கு.

இப்போ ஹெச்.ஆர். மெயிலுக்கு வருவோம்.

நம்ம ஊர்ல ஒரு பொருள் வருஷா வருஷம் டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் சூடா விற்கும். அட்டையில் குழந்தை சிரிக்கும், தலையில் பட்டமளிப்புத் தொப்பி இருக்கும், பின்னாடி அப்பா அம்மா பெருமையா நிப்பாங்க. சைல்டு பிளான். காசு கொடுக்கிறது நீங்க. அனுபவிக்கப் போறது குழந்தை, அதுவும் 20 வருஷம் கழிச்சு. பொட்டலத்தைப் பிரிக்கிற அன்னைக்கு வித்தவர் அந்த பிராஞ்ச்ல இருக்கப் போறதில்லை. பட்டீஸ் டிவிடிக்காவது ஒரு மாசத்துல உண்மை தெரிஞ்சது. இதுக்கு ரெண்டு தலைமுறை செல்போன் மாறணும்.

போன பிப்ரவரியில் ஒருத்தர் டேக்ஸ் விஷயமா வந்தார். முப்பது வயசு ஆகல, மென்பொருள் வேலை. பொண்ணுக்கு எட்டு மாசம். சேலரி அக்கவுன்ட் இருக்கிற பேங்க்ல ஆர்.எம். சொன்னார்னு ஒரு பாலிசி எடுத்திருந்தார். வருஷம் 1 லட்சம், 10 வருஷம் கட்டணும், 20-வது வருஷம் முடிவில் 20 லட்சம். “கட்டினது அப்படியே டபுள் சார், அதுவும் கியாரன்டி”ன்னார். முகத்துல அவ்வளவு சந்தோஷம்.

டபுள்ங்கிற வார்த்தை இருக்கே, அது பட்டர்பால் மாதிரி. பார்க்கக் குண்டா அழகா இருக்கும். எக்செல்ல போட்டுக் காட்டினேன். வருஷ ஆரம்பத்துல 1 லட்சம் வீதம் 10 வருஷம், அப்புறம் 10 வருஷம் சும்மா இருந்து, 20-வது வருஷக் கடைசியில் 20 லட்சம். வருமான விகிதம் கிட்டத்தட்ட 4.5 சதவீதம். அதே பணத்தை பி.பி.எஃப்.ல ஒவ்வொரு ஏப்ரல் 5-ம் தேதிக்குள்ள போட்டு, 15 வருஷம் முடிஞ்சதும் இன்னொரு 5 வருஷம் நீட்டிச்சிருந்தா? இப்போ இருக்கிற 7.1 சதவீதமே கடைசி வரைக்கும் இருக்கும்னு வெச்சுக்கிட்டா சுமார் 29.5 லட்சம். வட்டி மாறலாம், அரசாங்கம் மூணு மாசத்துக்கு ஒருதரம் பார்த்து அறிவிக்குது. 10 வருஷத்துக்கு அப்புறம் கணக்கு உயிரோட இருக்க வருஷம் 500 ரூபாயாவது போடணும். அதெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் வித்தியாசம் சின்னது இல்லை. இத்தனைக்கும் நான் ஷேர் மார்க்கெட் பக்கமே போகல, போஸ்ட் ஆபீஸ்லயே கிடைக்கிற பொருளோடதான் ஒப்பிட்டேன்.

“ஆனா இதுல இன்சூரன்ஸும் இருக்கே சார்.” சரி, எவ்வளவு? 10 லட்சம். அவரோட ஒரு வருஷச் சம்பளத்துக்கே அது வராது. யார் உயிருக்குன்னு பாண்டைத் திறந்து பார்த்தோம். குழந்தை பெயர்ல. எட்டு மாசக் குழந்தையோட உயிருக்கு 10 லட்சம் காப்பீடு! சம்பாதிக்கிறது அப்பா. அவர் போயிட்டா குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு எங்கே? சில சைல்டு பிளான்ல, கட்டுறவர் இறந்துட்டா மீதி பிரீமியத்தை கம்பெனியே பார்த்துக்கும், அது உண்மைதான். சிலதுல அதுக்குத் தனியா ஒரு ரைடர் எடுக்கணும். “வெய்வர் ரைடர் எடுத்தீங்களா?”ன்னு கேட்டேன். “அப்படின்னா?”ன்னார்.

வரியாவது மிச்சமாகுதான்னா அதுவும் இல்லை. அவர் இருந்தது புது வரி முறையில். 2023-24 நிதியாண்டுலேர்ந்து நாம வேற எதுவும் சொல்லலைன்னா புது முறைதான். அதுல 80சி கழிவே கிடையாது. வரி சேமிக்கணும்னு அவசர அவசரமா எடுத்த பாலிசியால அவருக்கு ஒரு ரூபாய் வரிகூட குறையல. கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டுக்கு சான்டா டிவிடி வாங்கிட்டுப் போன மாதிரிதான்.

நல்லவேளை, ஒரு விஷயம் அவருக்குச் சாதகமா இருந்தது. பிரிச்ச டிவிடியைத் திருப்பித் தர முடியாது, பாலிசியை முடியும். ஃப்ரீ லுக் காலம்னு சொல்வாங்க. பாலிசி ஆவணம் கைக்கு வந்த தேதியிலேர்ந்து 30 நாள். அதுக்குள்ள எழுதிக் கொடுத்தா, அந்த நாட்களுக்கான காப்பீட்டுச் செலவு, மெடிக்கல் டெஸ்ட் செலவு, ஸ்டாம்ப் டியூட்டி இவ்வளவையும் கழிச்சுட்டு மீதியைத் திருப்பித் தரணும். அவருக்கு அப்போ 19 நாள் ஆகியிருந்தது. “கேன்சல் பண்ணா அந்த ஆர்.எம். வருத்தப்படுவாரே சார், நல்ல பையன்”னார். இதை எழுதும்போது சிரிப்பா இருக்கு, ஆனா அன்னைக்கு அவர் நிஜமாவே தயங்கினார். 26-வது நாள்தான் கடிதம் கொடுத்தார்.

30 நாள் தாண்டிப் போனவங்க நிறைய பேர் இருப்பீங்க. அங்கேதான் அடுத்த வலை இருக்கு. சான்டா பட்டீஸ் போட்டு இருபது நிமிஷத்துல படம் தேறாதுன்னு தெரிஞ்சுடும். ஆனாலும் ‘போட்டாச்சு, முழுசா பார்த்துடுவோம்’னு உட்கார்ந்திருப்போம். போன இருபது நிமிஷம் எப்படியும் திரும்பி வராது. கையில இருக்கிறது மீதி ஒரு மணி நேரம்தான், அதை வெச்சு என்ன பண்றோம்கிறதுதான் கேள்வி. பாலிசியிலும் அதேதான். ‘ரெண்டு பிரீமியம் கட்டிட்டேன் சார், இப்போ விட்டா நஷ்டம்’னு சொல்றவங்க, இன்னும் எட்டு பிரீமியம் கட்டப் போறதைப் பத்திப் பேசவே மாட்டாங்க. 2024 அக்டோபர் 1-க்கு அப்புறம் வந்த பாரம்பரிய பாலிசிகள்ல, முதல் வருஷ பிரீமியத்தை முழுசா கட்டி ஒரு வருஷம் முடிஞ்சதுமே சரண்டர் மதிப்பு உண்டு. அதுக்கு முன்னாடி வாங்கினதுக்குப் பழைய விதி, கொஞ்சம் கடுமையா இருக்கும். எது எப்படியோ, இன்னைக்கு சரண்டர் பண்ணா எவ்வளவு, இனிமே கட்டாம பெய்ட்-அப் ஆக்கினா எவ்வளவு, கடைசி வரைக்கும் கட்டினா எவ்வளவுன்னு மூணு தொகையையும் கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை. மூணையும் எக்செல்ல போட்டுப் பாருங்க. சில சமயம் தொடர்றதே நல்லதுன்னுகூட விடை வரும், குறிப்பா கடைசி நாலஞ்சு வருஷத்துல இருந்தீங்கன்னா. எல்லா பாலிசியையும் உடைச்சுடுங்கன்னு நான் சொல்லல.

புதுசா எடுக்கப் போறவங்க விற்கிறவர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. யார் உயிருக்குக் காப்பீடு? பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன்ல கியாரன்டின்னு போட்டிருக்கிற தொகையை மட்டும் வெச்சா எத்தனை சதவீதம் வருது? ரெண்டுக்கும் அவர் பதில் சொல்லாம குழந்தையோட சிரிப்பைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, பட்டீஸ் அட்டையை நினைச்சுக்குங்க. குழந்தைக்குன்னு நிஜமாவே ஏதாவது செய்யணும்னா, முதல்ல உங்க பெயர்ல ஒரு டேர்ம் பாலிசி. பொண்ணு, பத்து வயசு ஆகலைன்னா செல்வமகள் சேமிப்புத் திட்டம். பையன்னா பி.பி.எஃப்., கொஞ்சம் இண்டெக்ஸ் ஃபண்ட். அட்டையில் படம் எதுவும் இருக்காது, பரவாயில்லை.

இந்த லீவுல குழந்தையோட உட்கார்ந்து நாய்ப் படம்தான் பார்க்கணும்னா 1997 ‘ஏர் பட்’ தேடிப் பிடிச்சுப் போடுங்க. அந்த நாய் ஒரு வார்த்தை பேசாது, பந்தை மட்டும் போடும். போன மாசம் ஏதாவது பாலிசியில் கையெழுத்து போட்டிருந்தீங்கன்னா, படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மெயிலைத் திறந்து ஆவணம் என்னைக்கு வந்ததுன்னு பாருங்க. தேதியைக் காலண்டர்ல குறிச்சுட்டு வந்து உட்காருங்க.